காட்சிமுனைக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள்

இலங்கை மலையகத்துக்குப் படம் எடுக்க வருகிற எல்லோருக்கும்,

வணக்கம். நீண்ட வார இறுதி வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வான் பிடித்து வருகிறீர்கள். பள்ளி விடுமுறைக்கு டொரொண்டோ, லண்டன், பாரிசிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். சென்னை, மதுரைப் பக்கத்திலிருந்தும் வருகிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். மற்ற நாட்டுப் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் யாராவது எழுதட்டும், அதுவும் தேவைதான். நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம், தேயிலை மலையில் நிற்கிற பெண்ணோடு அவர் வீட்டில் பேசுகிற மொழியிலேயே பேசக்கூடியவர்கள் நீங்கள். அப்படியிருந்தும் வானை விட்டு இறங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் கமராவைத் தூக்குகிறவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். அம்மா கொழுந்தெடுத்தவர். எனக்கும் கமரா என்றால் உயிர், அதனால் வராதீர்கள், எடுக்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. வாருங்கள், நல்ல வெளிச்சத்தில் வாருங்கள். பத்து மணிக்கு மேல் லிப்டன் சீட் காட்சிமுனைக்கு ஏறி வந்து, மூடுபனியைப் பார்த்து நின்றுவிட்டு, அங்கே உட்கார்ந்திருக்கிற லிப்டன் சிலையோடு மட்டும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மேலே ஏழெட்டுக் கிலோமீட்டர் ரோட்டு இருக்கிறது, சூரியன் எழும்புவதற்கு முன்னால் நீங்கள் உச்சியில் நிற்க வேண்டும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்து மலை விளிம்பும் அப்படித்தான். காலையில் கேட் திறந்தவுடன் உள்ளே போய் நேரே அங்கே நடக்காவிட்டால் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கு மறைந்துவிடும்.

மாதத்தையும் பார்த்து வாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும்போது மலைக்கு இந்தப் பக்கம் ஊவாவில் வறண்ட காற்று அடிக்கும், வானம் திறந்திருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை டிம்புள்ள, தலவாக்கலைப் பக்கம் போங்கள், சென்கிளேயர், டெவன் அருவிகளைத் தூரத்திலிருந்தே தெளிவாக எடுக்கலாம். தேயிலைக்காரர்கள் அந்தந்தப் பக்கத்தில் வாசம் கூடிய நல்ல தேயிலைக்குக் காத்திருக்கிற காலமும் அதேதான். காற்றும் வெயிலும் தேயிலைக்கு எதைச் செய்கிறதோ அதையே உங்கள் படத்துக்கும் செய்யும்.

சரி, இடமும் நேரமும் அமைந்துவிட்டது. முன்னால் பச்சை மலை, அதில் வரிசையாகப் பெண்கள். நான் பேச வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான்.

அவர்கள் நிற்கிறது வேலைத்தலத்தில். காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, எந்த நம்பர் மலைக்குப் போக வேண்டும் என்று வேலையை மேற்பார்க்கிற கங்காணி பிரித்துவிட, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு பனி காயாத செடிக்குள் இறங்கியிருக்கிறார்கள். அந்தப் படங்கு ஈரத்துக்கும் செடி கீறுகிறதற்கும் கட்டுவது. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் அது மாறும், 18 என்பார்கள், 20 என்பார்கள். அந்தக் கிலோ வந்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் போடுகிற தோட்டங்கள் இருக்கின்றன. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அந்த நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. கொழுந்துக்கு எடையே கிடையாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளி ஒரு கிலோ சேர்வதற்குள் கை எத்தனை தடவை செடிக்கும் கூடைக்கும் போய்வருகிறது என்று தூரத்தில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள், கமராவை இறக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். இந்தக் கணக்குக்கு நடுவில் போய் "அக்கா இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க, அந்த இலையை முகத்துக்குக் கிட்ட பிடிங்க, இன்னும் ஒரே ஒண்ணு" என்று ஒரு வான் நிறைய ஆட்கள் மாறி மாறிக் கேட்டால், அந்த வானுக்குப் பின்னால் இன்னொரு வான் வந்து அதையே கேட்டால், சாயந்தரம் தராசில் அது தெரியும். நின்று பேசினதற்கு ஏச்சு வாங்குவதும் அவர்கள்தான், நீங்கள் அப்போது எல்ல டவுனுக்குப் போயிருப்பீர்கள்.

ஆகவே முதலில் பேசுங்கள். ரோட்டில் நின்றபடியே வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லி, "படம் எடுக்கலாமா அக்கா" என்று கேட்டால் போதும். கங்காணி பக்கத்தில் இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொழுந்து நிறுக்கிற நேரம், தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்துக் கேட்டால் இன்னும் நல்லது. நிறுத்து முடிந்தபிறகு ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து கதைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் கேட்டு வாங்குகிற சிரிப்பை விட அது எவ்வளவோ நல்ல படம். கேட்காமல் தேயிலைச் செடிக்குள் இறங்காதீர்கள். தண்ணீர் ஓட வெட்டின கான் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, கால் முறியும். அட்டை இருக்கும். குளவிக்கூடு இருக்கிற மரத்துக்குக் கீழே போய்ச் சத்தம் போட்டு, கொட்டு வாங்குவது நீங்கள் மட்டுமாக இருக்காது. கொழுந்தெடுக்கிறவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது எங்களுக்குப் புதிய செய்தி இல்லை, உயிரும் போயிருக்கிறது.

வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். ஒருத்தருக்குப் படங்கு கட்டின கோலத்தில் தெரிவது பிடிக்காது, ஒருத்தர் அன்றைக்குச் சுகமில்லாமல் நிற்பார், ஒருத்தர் வீட்டில் சாவு நடந்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்திருப்பார். எங்கள் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு அக்காவின் படத்தை யாரோ எடுத்து, வறுமையிலும் வாடாத சிரிப்பு என்று தலைப்புப் போட்டுப் பரப்பியிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் இதயம் போட்டிருந்தார்கள். அவருடைய மகன்தான் கொழும்பிலிருந்து அதைக் கண்டு அனுப்பினான். "நான் யாருகிட்டயும் வறுமைன்னு சொன்னேனா?" என்றுதான் அவர் கேட்டார். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர், காது நிறையத் தோடு போட்டுக் கோயில் திருவிழாவில் நிற்கிற படங்கள் எத்தனையோ அவர் வீட்டில் இருக்கின்றன. ஊருக்குத் தெரிந்தது மட்டும் அந்த ஒரு படம்.

காசு கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ரோட்டு வளைவுகளில் கூடையோடு நின்று படத்துக்குக் காசு வாங்குகிற பெண்கள் சிலர் இருக்கிறார்கள், அதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் எடுத்தால் கேட்கிறதைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். வேலை செய்துகொண்டிருக்கிறவர்களிடம் சும்மா போய் நோட்டை நீட்டுவது வேறு. அவர் கேட்காத காசை அவர் கையில் திணித்தால், பிறகு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

இலங்கைக்கு வருகிறவர்கள் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறீர்கள். சிகிரியாவில் ஓவியங்களைப் படம் பிடிக்கக் கூடாது என்றால் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறுகிறீர்கள். நல்ல பழக்கம், அப்படித்தான் இருக்க வேண்டும். கல்லுக்கும் சுவருக்கும் கொடுக்கத் தெரிந்த மரியாதையை உயிரோடு எதிரே நிற்கிற ஆளுக்கும் கொடுங்கள் என்பதைத் தவிர நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை.

பேர் கேட்காமல் படம் எடுப்பது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமும் இல்லை. ஜூலியா மார்கரெட் கமரன் என்று ஒரு பெரிய படக்கலைஞர் இங்கிலாந்தில் இருந்தார். டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என்று அந்தக் காலத்துப் பெரிய தலைகளை எல்லாம் எடுத்தவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875 இல் இருவருமாக இலங்கைக்கு வந்துவிட்டார்கள். வந்த இடத்தில் தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்ச்சனங்களையும் அவர் எடுத்த படங்களில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொன்றும் கண்ணை எடுக்க முடியாத படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1879 இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். அந்தப் பக்கம் போனால் கல்லறையைப் பாருங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்தவர்களில் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குக்கூடப் பெயர் இருக்கிறது, மேரி ஹில்லியர் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இலங்கையில் எடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் குடியானவர்கள், ஒரு பெண், ஒரு கூட்டம் என்கிற அளவோடு நின்றுவிட்டார்கள். அந்த முகங்களில் யார் யாருடைய பூட்டன், யாருடைய பூட்டி என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இனி ஒரு வழியும் இல்லை.

கமரனுக்கு அன்றைக்குக் கண்ணாடித் தட்டு, இரசாயனம், நீண்ட நேரம் அசையாமல் நிற்க வைக்கிற பாடு. உங்கள் போனில் இடம், தேதி, நேரம், லென்ஸ் எல்லாம் தானாகப் பதிவாகிறது. பெயர் ஒன்றுதான் பதிவாகாது, அதை வாய் திறந்து கேட்க வேண்டும். போடச் சம்மதித்தால் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். "இலங்கைத் தேயிலைப் பெண்" என்று போடாதீர்கள்.

அப்புறம் ட்ரோன். நாட்டின் சட்டப்படி அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும் அல்லது தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்கிறது வேறு. தோட்டங்களில் பெண்கள் குளிக்கிறது பீலியில், தண்ணீர் குழாயாக விழுகிற இடத்தில், திறந்த வெளியில். வேலை விட்டு வந்து, இருட்டுவதற்கு முன்னால் நாலைந்து பேராகச் சேர்ந்து போய்க் குளித்துத் துணி தோய்த்துக்கொண்டு வருவார்கள். உங்களுக்குப் பொன் வெளிச்சம் கிடைக்கிற நேரமும் அதுதான். மலை மடிப்பும் ஓடையும் மேலிருந்து அழகாகத் தெரிகிறது என்று நீங்கள் இறக்குகிற ட்ரோன் அவர்கள் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. அதை யார் ஓட்டுகிறார்கள், எங்கே நின்று பார்க்கிறார்கள், படம் எங்கே போகும் என்று அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஈரத் துணியோடு ஓடி ஒளிவதைத் தவிர என்ன செய்ய முடியும்? லயங்களுக்கும் பீலிகளுக்கும் மேலே பறக்க விடாதீர்கள். இதில் நான் கெஞ்சவில்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன்.

லயத்தைப் படம் எடுக்கலாமா என்றால், தூரத்திலிருந்து தாராளமாக எடுங்கள். எடுக்க வேண்டும் என்றே சொல்வேன். இங்கே எடுக்கிற படங்களில் பாதி, தகரக் கூரை தெரியாமல் வெட்டியெடுத்த படங்கள். உலக முடிவில் நின்று கீழே பார்த்தால் நன்பெரில் தோட்டம் தெரியும், லயங்கள் தீப்பெட்டி அடுக்கின மாதிரி தெரியும். அதைப் படத்துக்கு வெளியே தள்ளிவிட்டுக் காட்டையும் மேகத்தையும் மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். லயங்களையும் வைத்துக்கொள்ளுங்கள், அவையும் அந்த மலையின் பகுதிதான். 1948 இல் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு எங்கள் ஆட்களை நாட்டின் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள், மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று ஒரு முடிவு வர 2003 ஆனது. படத்திலிருந்தாவது எங்களை எடுக்காதீர்கள். ஆனால் கிட்ட வந்து, காம்பரா என்கிற லயத்து அறையின் கதவுக்குள் கமராவை நீட்டி, அடுப்பையும் தொங்குகிற துணியையும் எடுக்கிற வேலை வேண்டாம். பிள்ளைகளுக்கு டொபி கொடுத்து வரிசையில் நிறுத்தி எடுக்கிறதும் வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்துப் படம் எடுத்தால் என்ன செய்வீர்களோ, இங்கேயும் அதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் அலுத்துப் போன விஷயம். தோட்டத்துச் சரக்கைக் கொழும்புக்கு இறக்கப் போட்ட பாதை அது. கதவில் தொங்கிக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்து எடுக்கிற படத்துக்காக விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். பாறை எந்த வளைவில் நெருங்கி வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் 24 மீட்டர் உயரம், அதன் விளிம்பில் காலைத் தொங்கப் போடாதீர்கள். பாலத்தின் மேலே நின்றால் அதன் வளைவுகள் உங்கள் படத்தில் விழவும் விழாது, எதிர்ச் சரிவில் தேயிலைக்குப் பக்கத்துப் பாதையில் நின்றால்தான் ஒன்பதும் தெரியும்.

இன்னொரு காரியம் எனக்கு இதைவிட முக்கியம். பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிற வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுக்கிறீர்கள், அவ்வளவு அழகான சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் அந்த மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது, எத்தனை வீடு போனது என்று நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் அரிசியும் உடுப்பும் அனுப்பினீர்கள், அதை நாங்கள் மறக்க மாட்டோம். அந்தச் சரிவுகளை இப்போது படம் எடுக்க வருகிறவர்களிடம் கேட்கிறேன், மண் வழிந்த தழும்பைத் தவிர்த்துவிட்டு எடுக்காதீர்கள். அதையும் எடுங்கள், எந்த இடம், என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். வீடு மாற்றித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பார்க்கிற இடத்தில் அந்தப் படம் இருக்கட்டும். ஆனால் இடிந்த வீட்டின் முன்னால் நின்று உங்கள் முகத்தை வைத்துப் படம் எடுக்காதீர்கள். உள்ளே இருந்தவர்களின் சொந்தக்காரர்கள் அதே ரோட்டில்தான் தினமும் வேலைக்கு நடந்து போகிறார்கள்.

கடைசியாக, எடுத்த படத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. எங்கள் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, அங்கே போக எழுதிக் கொடுத்தபோது பாஸ்போட்டுக்காக எடுத்தது, அவர் கடைசியில் போகவே இல்லை. நாற்பது வருஷம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின மனுசனுக்குக் கையில் கத்தியோடு, அவர் நின்ற மலையில் எடுத்த படம் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்திலும் கமராவோடு துரைமார் வந்தார்கள், பயணிகள் வந்தார்கள், அவரையும் யாராவது எடுத்திருப்பார்கள். அது எந்த நாட்டில் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதோ. இன்றைக்குக் கலியாண வீட்டுப் படம், திருவிழாப் படம் எல்லோரிடமும் இருக்கிறது. வேலை செய்கிற படம் அநேகமாக இருப்பதில்லை, மலைக்கு யார் போன் கொண்டு போய் எடுத்துக்கொண்டு நிற்பார்கள்? அதை எடுத்துக் கொடுக்க உங்களால் முடியும்.

வட்ஸ்அப் நம்பர் வாங்கி அனுப்புவது சுலபம், பெரும்பாலும் மகனுடைய அல்லது மருமகளுடைய நம்பராக இருக்கும். கையில் பிடிக்கிற மாதிரி பிரதி போட்டுக் கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவார்கள். ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹட்டன் டவுன்களில் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன, அடுத்த நாள் அதே வழியாகத் திரும்புகிறீர்கள் என்றால் போட்டு எடுத்துக்கொண்டு வந்து தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் கொடுங்கள், போய்ச் சேரும். ஊருக்குப் போய்த்தான் தபாலில் போட முடியும் என்றால், ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டும் எழுதாதீர்கள். லயத்து வீடுகளுக்குப் பெரும்பாலும் தனித்தனி விலாசம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபிசுக்குப் போய் அங்கிருந்து எப்போதாவதுதான் வரும். தோட்டத்தின் எந்த டிவிஷன், லயம் எது, அப்பா அல்லது புருசன் பெயர் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதையும் உறையின் மேல் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஹப்புத்தளையிலிருந்து, தோட்டத்துப் பிள்ளை ஒருவன்